கரையோரக் கடல்நீரில் ஒளி: அளவீடும் மாடலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிமுகம், துறைமுகம், சேற்றுக் கடலோரம் போன்ற இடங்களில் ஒளியை அளக்கப் போகிறவர்களுக்கும், அளந்ததை மாடலில் போடப் போகிறவர்களுக்கும் இந்தப் பக்கம். ஒப்பிட வசதியாக ஒரே நீரைப் பல பதில்களில் பிடித்துக்கொள்கிறோம். 490 நானோமீட்டர் (நா.மீ.) அலைநீளத்தில் அதன் உறிஞ்சல் 0.3, சிதறல் 2.0, அந்தச் சிதறலில் பின்னோக்கிப் போவது 0.04. எல்லாம் மீட்டருக்கு. மிதமாகக் கலங்கிய கரையோர நீர் இப்படித்தான் இருக்கும். இதை இனி "நம் நீர்" என்போம்.

திறந்த கடலில் ஒழுங்காக வரும் பச்சையச் சூத்திரம் கரைக்கு வந்ததும் ஏன் காலை வாருகிறது?

திறந்த கடலின் நிறத்தை ஆட்டிவைப்பவை பெரும்பாலும் மிதவைத் தாவரங்கள் மட்டுமே. கரைந்த மஞ்சள் பொருளும் (மட்கிய தாவரங்களிலிருந்து நீரில் கரைந்த கரிமப் பொருள்) செத்த துகள்களும் அவற்றின் பின்னாலேயே கூடும், குறையும். அதனால் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை வைத்தே பச்சையத்தைச் சொல்லிவிடலாம். கரையருகே மஞ்சள் பொருள் ஆற்றோடு வருகிறது, மண்ணை அலை கிளறிவிடுகிறது, மிதவைத் தாவரம் தன்பாட்டுக்கு வளர்கிறது. மூன்றும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. மஞ்சள் பொருளும் நீலத்தைத்தான் தின்னும், பச்சையமும் நீலத்தைத்தான் தின்னும். சூத்திரத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, ஆற்றுநீரையும் பச்சையம் என்றே எழுதிவிடும்.

மோரெலும் பிரியரும் 1977இல் முதல் வகை நீர், இரண்டாம் வகை நீர் என்று பிரித்தது இதைத்தான். அந்தப் பெயரை ஓர் இடத்துக்கு நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டாம். வெள்ளம் வந்த மறுநாளும் ஒரு மாதம் கழித்தும் அதே கழிமுகம் ஒரே நீர் அல்ல.

உறிஞ்சல், சிதறல், மெலிவு என்று மூன்று குணகங்கள். எதற்கு எது?

உறிஞ்சல் ஒளியைக் கொன்றுவிடும், சிதறல் திசையை மட்டும் மாற்றும். இரண்டையும் கூட்டினால் கற்றை மெலிவுக் குணகம். நம் நீரில் அது 2.3. இவை நீருக்கே உரியவை. வெயில் அடித்தாலும் இருட்டானாலும் மாறா. கீழ்நோக்கிய ஒளி ஆழத்தோடு குறையும் வேகமும், கடலின் எதிரொளிப்பும் அப்படியல்ல. அவை சூரியன் எங்கே நிற்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டு மாறும்.

இந்த வேறுபாட்டை எண்ணில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். நம் நீரில் ஒரு லேசர் கற்றையை விட்டால் ஒரு மீட்டர் தாண்டி நேர்க்கோட்டில் மிஞ்சுவது 10 விழுக்காடுதான். அதே ஒரு மீட்டர் ஆழத்தில் வெயிலின் கீழ்நோக்கிய ஒளியோ ஏறத்தாழ 60 விழுக்காடு இருக்கும். கற்றையிலிருந்து விலகிய ஒளி இறந்துபோகவில்லை. பெரும்பகுதி சற்றே சாய்ந்து கீழேதான் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே முக்குளிப்பவரின் பார்வைத் தூரத்துக்குக் கற்றை மெலிவைப் பாருங்கள். கடற்புல்லுக்கு வெளிச்சம் எட்டுமா என்பதற்குக் கீழ்நோக்கிய ஒளியின் மெலிவைப் பாருங்கள். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுக் கெட்ட அறிக்கைகள் நிறைய.

செக்கி தட்டு இன்னும் தேவையா?

தேவை. ஏஞ்சலோ செக்கி 1865இல் மத்தியதரைக் கடலில், எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று நீரின் தெளிவை அறிய இறக்கிப் பார்த்த அதே தட்டுதான். மின்கலம் தீராது, அளவுத்திருத்தம் கெடாது, விலை உயர்ந்த கருவி உளறும்போது பொய்யைக் காட்டிக் கொடுக்கும். கடலுக்கு 30 செ.மீ. விட்டமுள்ள முழு வெள்ளைத் தட்டு வழக்கம். 20 செ.மீ. கறுப்பு–வெள்ளைத் தட்டு ஏரிக்காரர்களுடையது. மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். நீரோட்டத்தில் கயிறு சாய்ந்தால் கயிற்றின் நீளம் ஆழமாகாது, கனமான குண்டு கட்டுங்கள்.

ஆழத்தை மெலிவாக மாற்ற 1.7ஐ ஆழத்தால் வகுப்பது பூலும் அட்கின்ஸும் 1929இல் தந்த வழி. கலங்கிய நீருக்கு 1.44 பொருந்தும் என்பார்கள். நம் நீரில் தட்டு ஏறத்தாழ 3 மீட்டரில் மறையும். ஒரு வழி 0.57 தரும், மற்றது 0.48. அந்த இடைவெளியே இந்த முறையின் துல்லியம். அதற்குமேல் பதின்மப் புள்ளிகள் எழுதுவது வீண்.

மஞ்சள் பொருளை அளப்பது எப்படி?

0.2 மைக்ரோமீட்டர் சவ்வு ஃபில்டரில் வடித்த நீரை 10 செ.மீ. குவார்ட்ஸ் கியூவெட்டில் வைத்து நிறமாலைமானியில் பார்ப்பதுதான் அடிப்படை. கவனிக்க வேண்டியவை:

1. புது ஃபில்டரிலிருந்து கரிமப் பொருள் கசியும். முதலில் 18.2 மெகாஓம் தூயநீரை வடித்துக் கொட்டுங்கள், பிறகு மாதிரி நீரில் கொஞ்சம் வடித்துக் கொட்டுங்கள், அதற்குப் பிறகு வருவதுதான் மாதிரி.
2. வடித்ததைப் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில், இருட்டில், 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். பிளாஸ்டிக் குப்பி வேண்டாம்.
3. அளக்கும் முன் மாதிரியும் ஒப்பீட்டுத் தூயநீரும் அறை வெப்பநிலைக்கு வரட்டும். குளிர்ந்த கியூவெட்டின் வெளிச்சுவரில் வியர்க்கும் ஈரம் உறிஞ்சலாகவே பதிவாகும்.
4. உப்புநீருக்கும் தூயநீருக்கும் ஒளிவிலகல் வேறு. எனவே வரைகோடு முழுவதும் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கும். 700 நா.மீ. அருகே சராசரி எடுத்து எல்லா அலைநீளங்களிலிருந்தும் கழியுங்கள்.
5. உறிஞ்சல் குணகம் = 2.303 × கருவி காட்டும் எண் ÷ 0.1 மீட்டர்.

ஐந்தாவது படியில் நின்று பாருங்கள். கருவி 0.010 காட்டினால் குணகம் 0.23. கருவியின் இரைச்சல் 0.001 என்றால் 0.023 அளவுக்குக் கீழே நீங்கள் பார்ப்பதெல்லாம் இரைச்சல்தான். 1 செ.மீ. கியூவெட்டில் இதே வேலையைச் செய்தால் இரைச்சலே 0.23 ஆகிவிடும், மாதிரியே காணாமல் போகும்.

நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகப்போக இந்த உறிஞ்சல் அடுக்குக்குறியாகச் சரியும். அந்தச் சரிவு பெரும்பாலும் நா.மீட்டருக்கு 0.014 முதல் 0.020 வரை. 0.017 என்று கொண்டால், 440இல் 0.23 உள்ள நீர் 412இல் 0.37, 555இல் 0.033. சரிவைக் கண்டுபிடிக்க மடக்கை எடுத்து நேர்க்கோடு போடாதீர்கள். சிவப்புப் பக்கத்து இரைச்சல் அந்தக் கோட்டை இழுத்துவிடும். அடுக்குக்குறிச் சார்பையே நேரடியாகப் பொருத்துங்கள். எந்த அலைநீள எல்லையில் பொருத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள், எல்லை மாறினால் எண்ணும் மாறும்.

துகள்களின் உறிஞ்சலில் எங்கே அதிகம் தவறு நடக்கிறது?

ஸ்கேலை வைத்து விட்டம் அளக்கும் இடத்தில்!

முறை இது: 25 மி.மீ. ஜிஎஃப்/எஃப் கண்ணாடியிழை ஃபில்டரில் நீரை வடித்து, அந்த ஃபில்டரையே நிறமாலைமானியில் வைக்கிறோம். வெற்றிட அழுத்தம் 120 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகக்கூடாது, செல்கள் உடைந்து நிறமி வடிநீரோடு போய்விடும். ஃபில்டரின் இழைகளுக்குள் ஒளி முட்டி மோதிப் போவதால் உண்மையைவிட அதிகமாக உறிஞ்சப்பட்டதுபோல் தெரியும். அந்த மிகைப்பைத் திருத்த வேண்டும். சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் ஒருங்கிணைப்புக் கோளத்தின் நடுவில் ஃபில்டரை வைத்து அளந்தால் திருத்திய எண் = 0.323 × (அளந்த எண்ணின் 1.0867ஆம் அடுக்கு). கோளத்துக்கு வெளியே அளந்தால் இந்த எண்கள் செல்லாது, அதற்குத் தனிக் குணகங்கள் உண்டு.

250 மி.லி. வடித்து, கறைவட்டத்தின் விட்டம் 21 மி.மீ., கருவி காட்டியது 0.30 என்று வையுங்கள். திருத்தினால் 0.087. வட்டத்தின் பரப்பு 3.46 சதுர செ.மீ. கன அளவைப் பரப்பால் வகுத்தால் 72 செ.மீ., அதாவது 0.72 மீட்டர் நீளமுள்ள நீர்க்கம்பத்தை ஃபில்டரில் படியவைத்திருக்கிறீர்கள். 2.303 × 0.087 ÷ 0.72 = 0.28. இப்போது அதே விட்டத்தை அவசரத்தில் 22 என்று படித்தால் பரப்பு 10 விழுக்காடு கூடும், உறிஞ்சலும் அப்படியே 10 விழுக்காடு கூடும். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியின் துல்லியத்தை ஸ்கேல் விழுங்கிவிடும். வெர்னியரால் இரண்டு திசையில் அளங்கள், புனலை மாற்றினால் மறுபடி அளங்கள்.

பிறகு மெத்தனால் ஊற்றி நிறமியைக் கரைத்து எடுத்துவிட்டு மீண்டும் அளந்தால் கிடைப்பது மண்ணும் மட்கும் உறிஞ்சும் அளவு. முதல் அளவிலிருந்து அதைக் கழித்தால் மிதவைத் தாவரத்தின் பங்கு. 676 அருகே சின்ன மேடு இன்னும் நின்றால் நிறமி முழுதாகக் கழுவப்படவில்லை. உடனே அளக்க முடியாத ஃபில்டர்கள் திரவ நைட்ரஜனுக்கோ மைனஸ் 80 டிகிரிக்கோ போக வேண்டும். வீட்டு ஃபிரிஜ்ஜின் உறைபெட்டி போதாது.

மொத்தத் துகள் எடை எப்போதும் அதிகமாகவே வருகிறதே?

உப்பு. 47 மி.மீ. ஃபில்டர் அரை மில்லிலிட்டர் கடல்நீரைப் பிடித்துவைத்தால், 35 உப்புத்தன்மையில் காய்ந்து மிஞ்சுவது ஏறத்தாழ 18 மி.கி. உப்பு. லிட்டருக்கு 10 மி.கி. துகளுள்ள நீரில் அரை லிட்டர் வடித்திருந்தால் உண்மையான துகள் 5 மி.கி.தான். தூயநீரால் பலமுறை கழுவுங்கள். புனலை எடுத்தபின் ஓரத்து விளிம்பையும் கழுவுங்கள், அங்கேதான் உப்பு ஒளிந்திருக்கும். துகளே இல்லாத வடிநீரை ஊற்றிக் கழுவிய வெற்று ஃபில்டர்களையும் கூடவே எடைபோட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும்.

நீருக்குள் இறக்கும் உறிஞ்சல்–மெலிவு மானியின் எண்களை அப்படியே நம்பலாமா?

கூடாது. ஏசி-9, ஏசி-எஸ் வகைக் கருவிகளில் நீர் இரண்டு குழாய்கள் வழியே ஓடுகிறது. ஒன்று மெலிவை அளக்கும். மற்றதன் பளபளக்கும் சுவர் சிதறிய ஒளியை மீண்டும் உணரிக்கு அனுப்பி, உறிஞ்சலை மட்டும் காட்ட முயலும். முயலும் என்றுதான் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 41 டிகிரிக்கு மேல் சிதறிய ஒளி சுவரில் தங்காமல் வெளியேறிவிடும், கருவி அதையும் உறிஞ்சல் என்றே எண்ணும். சிதறல் 10 ஆக உள்ள சேற்றுநீரில் அதில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும் உறிஞ்சலில் 1 கூடிவிடும். உண்மையான உறிஞ்சல் 0.5ஆக இருக்கும்போது இது சின்னப் பிழை இல்லை.

பழைய தீர்வு, 715 நா.மீட்டரில் துகள்கள் உறிஞ்சுவதே இல்லை என்று வைத்துக்கொண்டு அங்கே காட்டும் எண்ணை எல்லா அலைநீளங்களிலும் கழிப்பது. மண் கலந்த நீரில் அந்த ஊகம் நிற்காது, மண் அங்கேயும் உறிஞ்சும். எனவே ஃபில்டர் முறையில் கிடைத்த துகள் உறிஞ்சலை நங்கூரமாக வைத்துத் திருத்துவதே நல்லது.

கூடவே வெப்பநிலை. 715 அருகே தூயநீரின் உறிஞ்சல் டிகிரிக்கு ஏறத்தாழ 0.003 மாறும். 20 டிகிரியில் தூயநீர் அளவுத்திருத்தம் செய்து 30 டிகிரிக் கடலில் இறக்கினால் 0.03 பிழை. 715ஐக் கழிக்கும்போது அது நீலம்வரை பரவிவிடும். குமிழிகளையும் மறக்க வேண்டாம். இறக்கியதும் பம்பை ஓடவிட்டுச் சில நிமிடம் ஆழத்தில் வைத்திருந்து, குழாயின் உச்சியிலுள்ள காற்றுப்போக்கி வழியே காற்று வெளியேறிய பின்னரே பதிவைத் தொடங்குங்கள். எண் ஈட்டி ஈட்டியாகக் குதித்தால் குமிழி. மெலிவு மட்டும் குதித்து உறிஞ்சல் அமைதியாக இருந்தால் பெரிய துகள்கள்.

ஒரே நீரில் இரண்டு மெலிவுமானிகள் வேறுவேறு எண் காட்டுகின்றன. எது பழுது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். கடல் துகள்கள் ஒளியை முன்னோக்கி மிகச் சின்னக் கோணத்தில்தான் அதிகம் சிதறடிக்கும். உணரியின் ஏற்புக் கோணம் 1 டிகிரி என்றால் அந்த ஒளியில் ஒரு பகுதியைச் சிதறாத ஒளியாகவே எண்ணிக்கொள்ளும். 0.03 டிகிரி உள்ள கருவி அதைத் தள்ளிவிடும். ஒன்றரை மடங்கு வித்தியாசம்கூட வரலாம். கருவியின் ஏற்புக் கோணத்தை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

கலங்கல்மானி எண்ணை சிதறல் குணகமாக மாற்ற வாய்பாடு உண்டா?

பொதுவான வாய்பாடு இல்லை. ஐஎஸ்ஓ 7027 கருவி 860 நா.மீட்டரில் 90 டிகிரிச் சிதறலைப் பார்த்து, ஃபார்மசின் என்ற தரநிலைக் கலங்கலோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. துகளின் அளவும் வகையும் மாறினால் உறவும் மாறும். உங்கள் இடத்துக்கு, உங்கள் பருவத்துக்கு நீங்களே உறவை வரைந்துகொள்ளலாம்.

பின்சிதறல் ஏன் இவ்வளவு முக்கியம்? எப்படி அளப்பது?

கடலிலிருந்து மேலே வரும் ஒளி ஏறத்தாழ முழுவதும் பின்சிதறலின் வேலைதான். கருவி ஒரே ஒரு பின்கோணத்தில், பெரும்பாலும் 117 முதல் 140 டிகிரிக்குள், சிதறிய ஒளியைப் பார்க்கிறது. அதிலிருந்து கடல்நீரின் சொந்தச் சிதறலைக் கழித்துவிட்டு 2 × பை × ஏறத்தாழ 1.1 ஆல் பெருக்கினால் துகள்களின் பின்சிதறல். 1.1 என்பது 117 டிகிரியை ஒட்டிய கோணங்களுக்கு. உங்கள் கருவியின் கோணத்துக்குரியதைப் போடுங்கள். நீரின் பங்கைக் கழித்ததை மறந்து மறுபடி கழிப்பவர்களும் உண்டு, மாடலில் சேர்க்க மறப்பவர்களும் உண்டு.

ஒளியே படாதபோது கருவி காட்டும் இருட்டு எண்ணைக் கடலிலேயே எடுங்கள். உணரியின் முகத்தில் கறுப்பு நாடாவை ஒட்டி, நீருக்குள் அதே மின்கம்பியோடு இறக்கிப் பாருங்கள். மேசையில் எடுத்ததும் இதுவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். சேறு அதிகமான இடத்தில் எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோல் சமமாக நின்றால் உணரி நிரம்பிவிட்டது. அந்தத் தரவு போயிற்று.

ஒளியை அளக்கும் ரேடியோமீட்டரை நீருக்குள் இறக்கும்போது எண்கள் ஏன் இப்படித் துள்ளுகின்றன?

அலையின் முகடு ஒவ்வொன்றும் ஒரு குவிவில்லை. மேல் ஒன்றிரண்டு மீட்டரில் ஒளி நொடிக்கு நொடி கூடிக் குறையும். கலங்கிய நீரில் நமக்கு வேண்டிய ஒளியெல்லாம் அந்த ஒன்றிரண்டு மீட்டரிலேயே தீர்ந்துவிடும் என்பதுதான் சங்கடம். மெதுவாக, நொடிக்கு 30 செ.மீட்டருக்கும் குறைவாக இறக்குங்கள். ஒரே இடத்தில் பலமுறை இறக்கி எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து ஒரே கோடு பொருத்துங்கள். 5 டிகிரிக்கு மேல் சாய்ந்த புள்ளிகளைத் தூக்கி எறியுங்கள். மேகம் கடந்த நேரத்தைத் திருத்த ஒரு உணரி எப்போதும் மேல்தளத்தில் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கப்பலின் நிழல் தெரிந்த எதிரி, சூரியன் இருக்கும் பக்கம் இறக்கித் தப்பிக்கலாம். தெரியாத எதிரி கருவியின் சொந்த நிழல். மேல்நோக்கி வரும் ஒளியை அளக்கும் உணரி தன் கீழே உள்ள நீரைத் தானே இருட்டாக்குகிறது. ஆரம் 4 செ.மீ., நம் நீர், உச்சியிலிருந்து 30 டிகிரி சாய்ந்த சூரியன்: 490இல் ஏறத்தாழ 6 விழுக்காடு ஒளி குறையும். 700இல் தூயநீரே 0.62 உறிஞ்சுவதால் இழப்பு 12 விழுக்காட்டை நெருங்கும். கோர்டனும் டிங்கும் 1992இல் தந்த திருத்தம் இதற்குத்தான், உறிஞ்சலும் ஆரமும் சூரிய கோணமும் தெரிந்தால் போதும்.

அளவுத்திருத்தம் காற்றில் நடக்கிறது, அளப்பதோ நீரில். அந்த மூழ்கல் காரணியை மென்பொருள் தானே போடுகிறதா என்று பாருங்கள். ஒரு திசையிலிருந்து வரும் ஒளியை மட்டும் அளக்கும் கதிர்ச்செறிவு உணரிக்கு அது ஏறத்தாழ 1.7. இரண்டு தடவை போட்டாலும் போடாமல் விட்டாலும் வரைபடத்தின் வடிவம் அழகாகவே இருக்கும், அதனால்தான் கண்ணில் படாது.

படகில் நின்றபடியே அளப்பது?

கரையோரத்தில் பல நேரம் இதுவே நடைமுறை. உணரியைச் செங்குத்திலிருந்து 40 டிகிரி சாய்த்து, சூரியத் திசையிலிருந்து 135 டிகிரி திருப்பிக் கடலைப் பாருங்கள். அதே திசையில் உச்சியிலிருந்து 40 டிகிரி சாய்த்து வானத்தைப் பாருங்கள். கீழிறங்கும் மொத்த ஒளியையும் அளங்கள். கடலிலிருந்து வந்ததில் 0.028 × வான ஒளியைக் கழித்து மொத்த ஒளியால் வகுத்தால் தொலையுணர்வு எதிரொளிப்பு. மோப்லி 1999இல் தந்த 0.028 காற்று நொடிக்கு 5 மீட்டருக்குள் இருக்கும்போதுதான்.

நிறையத் தடவை எடுத்து, மினுமினுப்பால் கூடிய பதிவுகளைக் கழித்துக் கீழ்ப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஒளியை அளக்கச் சாம்பல் தட்டு பயன்படுத்தினால் அது மட்டமாக இருக்கட்டும், உங்கள் சட்டை அதில் எதிரொளிக்காமல் இருக்கட்டும். கறுப்புச் சட்டை உத்தமம். இன்னொன்று: அகச்சிவப்பருகே எதிரொளிப்பு பூச்சியமாகும்படி முழு வரைகோட்டையும் கீழே தள்ளும் பழக்கம் திறந்த கடலுக்கு உரியது. சேற்றுநீர் அங்கே உண்மையாகவே ஒளிரும். தள்ளினால் தகவலையே தள்ளிவிடுகிறீர்கள்.

மாடலை எங்கிருந்து தொடங்குவது?

தாளும் பென்சிலும் போதும். லீயின் சூத்திரப்படி கீழ்நோக்கிய ஒளியின் மெலிவு = (1 + 0.005 × உச்சியிலிருந்து டிகிரியில் சூரிய கோணம்) × உறிஞ்சல் + 4.18 × பின்சிதறல். உறிஞ்சல் குறையக் குறைய கடைசிப் பெருக்கி இறங்கும், நம் நீரில் அது 4.1. நம் நீருக்கு, சூரியன் 30 டிகிரியில்: 0.345 + 0.164 = 0.51. கிர்க்கின் சூத்திரம் பின்சிதறலைக் கேட்காது, மொத்தச் சிதறலைக் கேட்கும். அது தருவது 0.50. வேறுவேறு வழியில் வந்த இரண்டு எண்கள் இவ்வளவு நெருங்குவது நல்ல அறிகுறி. மேற்பரப்பு ஒளியில் 1 விழுக்காடு மிஞ்சும் ஆழம் 4.6 ÷ 0.51 = 9 மீட்டர்.

எதிரொளிப்புக்கு, பின்சிதறலை உறிஞ்சலும் பின்சிதறலும் சேர்ந்த தொகையால் வகுங்கள்: 0.04 ÷ 0.34 = 0.118. 0.0895 × 0.118 உடன் 0.1247 × 0.118இன் வர்க்கத்தைக் கூட்டினால் மேற்பரப்புக்குக் கீழே 0.0123. மேலே வரும்போது ஏறத்தாழ 0.0065, ஸ்டெரேடியனுக்கு (திண்மக் கோண அலகு).

ஆழவாரியாகவும் கோணவாரியாகவும் முழு ஒளிப்புலமும் வேண்டுமானால் ஹைட்ரோலைட் போன்ற கதிர்வீச்சுப் பரிமாற்ற மென்பொருள். அது நீரை அடுக்கடுக்கான சமதளமாக எண்ணும். சரிவான தரை, படகின் நிழல், பாலத்தூண் என்று வந்தால் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாகத் தற்செயல் பாதையில் ஓட்டிப் பார்க்கும் மான்டே கார்லோ முறைதான் வழி.

ஹைட்ரோலைட்டில் எல்லாரும் சறுக்கும் இடம் சிதறலின் கோணப்பரவல். பெட்ஸோல்ட் 1972இல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து எடுத்த சராசரிப் பரவலில் பின்சிதறல் மொத்தச் சிதறலில் 0.018 பங்கு. உங்கள் நீரில் மிதவைத் தாவரம் மிகுந்து அந்தப் பங்கு 0.006ஆக இருந்தால், சிதறலை எவ்வளவு துல்லியமாக அளந்து கொடுத்திருந்தாலும் எதிரொளிப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக வரும். பின்சிதறலை அளந்து, அந்தப் பங்குக்குப் பொருந்தும் ஃபோர்னியே–ஃபோராண்ட் பரவலைப் போடுங்கள்.

மாடலும் அளவீடும் ஒத்துவரவில்லை. யாரை நம்புவது?

இந்த வேலையின் பயனே இந்தக் கேள்விதான். நீரின் குணகங்களையும் ஒளிப்புலத்தையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தனித்தனிக் கருவிகளால் அளந்து, முன்னதிலிருந்து பின்னதைக் கணிக்கிறோம். கணிப்பும் அளவீடும் ஒத்துவந்து கணக்கு மூடினால் இரண்டையும் நம்பலாம். மூடாவிட்டால், இடைவெளியின் வடிவம் எந்தக் கருவி பொய் சொல்கிறது என்று காட்டும். கரையோரத்தில் 25 விழுக்காட்டுக்குள் மூடினால் அது நல்ல நாள்.

ஆழமெலிவு பொருந்தி எதிரொளிப்பு மட்டும் எல்லா அலைநீளத்திலும் ஒரே மடங்கில் விலகினால் பின்சிதறலைச் சந்தேகியுங்கள். ஆழமெலிவை நடத்துவது பெரும்பாலும் உறிஞ்சல். அளந்த எதிரொளிப்பு எங்கும் ஒரே அளவு தூக்கலாக இருந்தால், மடங்கு அல்ல, கூட்டல், அது கழிக்காமல் விட்ட வான ஒளி. மாடல் நீலத்தில் மட்டும் இருட்டாக வந்தால் உறிஞ்சல் மானியின் சிதறல் திருத்தம் குறைந்திருக்கலாம். அளவீட்டில் 685 அருகே ஒரு மேடு, மாடலில் இல்லை என்றால் பச்சையத்தின் ஒளிர்வைப் போட மறந்திருக்கிறீர்கள். சிவப்பில் மட்டும் அளவீடு குறைந்தால் கருவியின் நிழல்.

இதையெல்லாம் பார்க்கும் முன் தரை தெரிகிறதா என்று கேளுங்கள். தரையிலிருந்து திரும்பும் ஒளி ஏறத்தாழ மெலிவையும் ஆழத்தையும் பெருக்கியதன் இரு மடங்குக்கு அடுக்குக்குறியாகக் குறையும். நம் நீரில் 4 மீட்டருக்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு, கவலையில்லை. மெலிவு 0.15 உள்ள தெளிநீரில் அதே 4 மீட்டருக்கு 30 விழுக்காடு. வெள்ளை மணல் தரை என்றால் நீங்கள் அளந்தது கடலை அல்ல, மணலை.

ராமன் சிதறலைச் சேர்க்க வேண்டுமா?

தெளிநீரில் ஆம். நீர் மூலக்கூறு ஒளியை ஏறத்தாழ 3400 அலையெண் அளவு சிவப்புப் பக்கம் தள்ளும். 488இல் நுழைந்தது 585இல் வெளிவரும். கடலின் நீலத்தை மூலக்கூறுச் சிதறலால் விளக்கலாம் என்று சி.வி. ராமன் 1921 கப்பல் பயணத்தையொட்டிக் காட்டினார், அந்தத் தேடல் 1928இல் இந்த விளைவில் முடிந்தது. சேற்றுநீரில் துகள்களின் சிதறல் இதை மூழ்கடித்துவிடும். மென்பொருளில் ஒரு பொத்தான்தான், போட்டே வையுங்கள்.

செயற்கைக்கோள் தரவில் கரையருகே எதிரொளிப்பு எதிர்ம எண்ணாக வருகிறதே?

செயற்கைக்கோளுக்குப் போகும் ஒளியில் கடலின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான், மீதி காற்றுமண்டலம். 765, 865 நா.மீட்டரில் கடல் கறுப்பு என்று கொண்டு அங்கே தெரிவதையெல்லாம் தூசுப்படலக் கணக்கில் எழுதி நீலம்வரை நீட்டிக் கழிப்பது வழக்கமான திருத்தம். சேறு அங்கே கறுப்பு இல்லை. அதனால் தூசுப்படலம் மிகையாகிறது, நீலத்தில் இருப்பதைவிட அதிகமாகக் கழிக்கப்படுகிறது. நீர் கடுமையாக உறிஞ்சும் 1240, 2130 போன்ற குறுஅலை அகச்சிவப்புப் பட்டைகளைக் கொண்டு திருத்தினால் தேறும். கரையை ஒட்டிய படப்புள்ளிகளில் நிலத்தின் ஒளியும் கசியும், அவற்றை விட்டுவிடுங்கள். நேரப் பொருத்தத்தில் 3 மணி நேர இடைவெளி திறந்த கடலுக்குச் சரி. ஓதம் வேகமாக ஏறி இறங்கும் கழிமுகத்தில் அதற்குள் நீரே மாறிவிடும்.

கருவியை வாரக்கணக்கில் மூழ்கவிட்டால்?

பாசியும் கொட்டலசும் ஏறும். செம்புத் தகடும் தானியங்கித் துடைப்பானும் தள்ளிப்போடும், தடுக்காது. எண் நாள்தோறும் மெல்ல ஏறிக்கொண்டே போய், எடுத்துத் துடைத்ததும் சட்டென்று விழுந்தால் அந்த ஏற்றம் கடலுடையது அல்ல. எடுக்கும்போது துடைப்பதற்கு முன் ஒருமுறை, துடைத்த பின் ஒருமுறை அதே வாளி நீரில் அளங்கள். திருத்தத்துக்கு அந்த இரண்டு எண்கள்தான் ஆதாரம்.

ஒவ்வொரு நிலையத்திலும் எதையெல்லாம் குறித்துவைப்பது?

நேரம் (உலக நேரத்தில்), இடம், ஓதத்தின் நிலை, காற்று, மேகம், சூரியனின் உயரம், செக்கி ஆழம், தரையின் ஆழம், கடைசியாகத் தூயநீர் அளவுத்திருத்தம் செய்த நாள், ஒவ்வொரு உணரியின் வரிசை எண். கூடவே கடலையும் வானத்தையும் ஆளுக்கொரு புகைப்படம். நுரைக்கோடும் ஆற்றுநீர் விளிம்பும் எண்களில் தெரியாது, படத்தில் தெரியும்.